வானத்திலிருந்து குதிக்கிறவர்களுக்கு எந்த ஹெல்மெட்?

வணக்கம் நேயர்களே. வாளையாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர், மீனாட்சிபுரம், கோபாலபுரம் என்று எங்கிருந்து கேட்டாலும், எல்லோருக்கும் வணக்கம். விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கிற ஸ்கைடைவிங் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்தில் கூப்பிட்டபோது, நான் ஹெல்மெட்டைப் பற்றி மட்டும் பேசட்டுமா என்று கேட்டேன். பயமாக இருந்ததா, கீழே பார்த்தபோது எப்படி இருந்தது என்பதெல்லாம் பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு டேன்டம் குதித்துவிட்டு வந்த யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். எனக்கு வருகிற போன்களில் பாதி ஹெல்மெட்டைப் பற்றித்தான், அதனால்தான்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் துபாய்க்கு வேலைக்குப் போகிறார்கள். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் அங்கே பாலைவனத்தில் இருக்கிற டிராப் ஜோனில், அதாவது குதித்து இறங்குகிற மைதானத்தில், லைசென்ஸ் பயிற்சிக்குச் சேர்கிறார்கள். சிலர் தாய்லாந்து, சிலர் ஸ்பெயின். ஊரிலிருந்தே ஹரியானாவின் நார்னால் வரைக்கும் ரயிலேறிப் போய் ஒரு டேன்டம் குதித்துப் பார்த்து, அப்புறம் ஆசை விடாமல் பயிற்சிக்குப் போகிறவர்களும் உண்டு. நான் பாராசூட் மடிக்கிற வேலையில் ஆரம்பித்துப் பயிற்சியாளர் ஆனவள் என்பதால், தமிழ்ப் பிள்ளைகள் "அக்கா" என்றும் பாலக்காட்டுப் பிள்ளைகள் "சேச்சி" என்றும் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: முகத்தை முழுக்க மூடுகிற ஃபுல் ஃபேஸ் வாங்கட்டுமா, முகம் திறந்திருக்கிற ஓப்பன் ஃபேஸ் போதுமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் கைக்கு வரும்வரை ஓப்பன் ஃபேஸ். அதற்கு அப்புறம், வானத்தில் நீங்கள் யாரோடு சேர்ந்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அழகைப் பார்த்து வேண்டாம், யூட்யூபில் பார்த்தவர் போட்டிருக்கிறார் என்பதற்காகவும் வேண்டாம்.

இதில் ஒரு தவறான எண்ணத்தை முதலில் எடுத்துப் போட வேண்டும். பாராசூட் திறக்காவிட்டால் காப்பாற்றத்தான் ஹெல்மெட் என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. வயிறு கீழே பார்க்க விழும்போதே மணிக்கு 190, 200 கிலோமீட்டர் வேகம். தலைகீழாக விழுகிறவர்களுக்கு 250க்கு மேலே போகும். அந்த வேகத்தில் தரையைத் தொட்டால் எந்த ஹெல்மெட்டும் உதவாது. ஹெல்மெட் வேறு விஷயங்களுக்காக. விமானக் கதவில் தொற்றிக்கொண்டு வெளியேறும்போது கதவுச் சட்டத்தில் தலை இடிக்கும். கூட விழுகிறவரின் முழங்கால், பூட்ஸ் முகத்தில் படும். இறங்கும்போது கால் தடுக்கி உருண்டு போவோம். இந்த மூன்றுக்கும்தான் ஹெல்மெட்.

இதில் வானத்தில் வாங்குகிற அடிதான் என்னைக் கவலைப்பட வைப்பது. அடிபட்டு மயங்கிப் போனால்கூட ரிசர்வ் என்கிற மாற்றுப் பாராசூட்டைத் தானாகத் திறந்துவிடும் கருவி இப்போது ஏறக்குறைய எல்லோர் முதுகிலும் இருக்கிறது. ஜெர்மனியின் ஏர்டெக் நிறுவனம் 1991இல் கொண்டுவந்த சைப்ரஸ் என்கிற கருவிதான் அதைப் பரவலாக்கியது. தரைக்கு மேலே ஏறக்குறைய 750 அடியில் இன்னும் வேகமாக விழுந்துகொண்டிருந்தால் அது ரிசர்வைத் திறந்துவிடும். சரி, திறந்துவிட்டது. ஆனால் அந்தப் பாராசூட்டை ஓட்டி, காற்றைப் பார்த்துத் திருப்பி, பத்திரமாக இறக்க ஒரு ஆள் விழிப்போடு இருக்க வேண்டுமே. அதற்காகத்தான் தலையைக் காப்பாற்றச் சொல்கிறோம்.

பயிற்சியில் ஏன் ஓப்பன் ஃபேஸ் என்கிறேன் என்றால், எனக்கு உங்கள் முகம் தெரிய வேண்டும். லைசென்ஸுக்கான ஏஎஃப்எஃப் பயிற்சியின் முதல் குதிப்புகளில் இரண்டு பயிற்சியாளர்கள் உங்களை இரு பக்கமும் பிடித்துக்கொண்டு விழுவார்கள். காற்றுச் சத்தத்தில் பேச முடியாது. நாங்கள் கையால் சைகை காட்டுவோம்: காலை நீட்டு, இடுப்பை வளை, உயரத்தைப் பார், இழு. அந்தச் சைகை உங்களுக்குப் புரிந்ததா, நீங்கள் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறீர்களா, கண் எங்கேயோ நிலைகுத்தி நிற்கிறதா என்பதெல்லாம் முகத்தில்தான் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிற ஒரு மாணவரின் முகத்துக்கு நேரே நாக்கை நீட்டிக் காட்டுவேன், அவர் சிரிப்பார், சிரித்ததும் உடம்பு தளர்ந்துவிடும், ஆடிக்கொண்டிருந்தவர் நேராக மிதப்பார். கறுப்பு வைசர், அதாவது முகக் கண்ணாடி, போட்ட முகத்தில் இதை எப்படிச் செய்வது?

அமெரிக்காவின் யுஎஸ்பிஏ என்கிற பாராசூட் சங்கத்தின் விதிப்படி டேன்டம் தவிர மற்ற மாணவர்கள் எல்லோரும் கெட்டியான ஹெல்மெட் போட்டே ஆக வேண்டும். முகம் மூட வேண்டும் என்று அந்த விதி கேட்பதில்லை. முதல் லைசென்ஸான ஏ லைசென்ஸுக்குக் குறைந்தது 25 குதிப்பு. அதுவரைக்கும் பயிற்சி மையத்தின் ஹெல்மெட்டே போதும், காசைச் சேர்த்து வையுங்கள். ஃபுல் ஃபேஸ் ஒன்றின் விலையில் நல்ல ஓப்பன் ஃபேஸ் ஏறக்குறைய இரண்டு வாங்கிவிடலாம்.

திறந்த முகத்தோடு விழுந்தால் மூச்சு விட முடியாது என்று ஒரு பேச்சு இருக்கிறது, அதை நம்பாதீர்கள். பயத்தில் மூச்சை அடக்குகிறவர்கள்தான் அப்படி நினைக்கிறார்கள். மூக்கு வழியாகச் சாதாரணமாகவே மூச்சு விடலாம்.

சரி, லைசென்ஸ் வந்தாச்சு. இனி நாலு பேர், எட்டுப் பேர் கைகோத்து வடிவம் கட்டுகிற ஃபார்மேஷன் குதிப்புக்கோ, தலைகீழாகப் பறக்கிற ஃப்ரீஃப்ளைக்கோ போகிறீர்கள் என்றால், ஃபுல் ஃபேஸ் வாங்குங்கள் என்று நானே சொல்வேன். எங்களோடு குதிக்கிற ஒரு தங்கச்சி, பாலக்காட்டுப் பக்கத்துப் பெண், ஒரு வடிவத்தில் வந்து சேரும்போது முன்னால் இருந்தவர் நிலை தடுமாறி உதைத்துவிட்டார். கீழே வந்து வைசரைக் கழற்றிப் பார்த்தோம்: அவருடைய ஷூ அடிப்பக்கத்து ரப்பர், வலது கண் இருக்கிற இடத்திலிருந்து மூக்குக்கு நேரே வரைக்கும் கறுப்பாகக் கோடு இழுத்திருந்தது, அதற்குக் கீழே தாடைப் பகுதியில் ஒரு சின்ன விரிசல். அவள் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. காகிள்ஸ் மட்டும் போட்டிருந்தால் அந்த அடி நேரே கண்ணிலும் மூக்குத்தண்டிலும் விழுந்திருக்கும்.

சத்தத்திலும் வித்தியாசம் பெரியது. ஆனி, ஆடியில் கஞ்சிக்கோட்டுக் கணவாயில் பைக் ஓட்டியவர்களுக்குக் காற்று காதில் அடிப்பது தெரியும். விழும்போது அது பல மடங்கு. ஃபுல் ஃபேஸில் அந்த இரைச்சல் நன்றாகக் குறைகிறது. இது சொகுசு மட்டும் இல்லை. உயரம் குறையக் குறைய பீப் அடிக்கிற சின்ன ஆல்டிமீட்டர் ஒன்றை ஹெல்மெட்டுக்குள் காதுக்குப் பக்கத்துப் பையில் வைப்போம். 5,500 அடியில் ஒரு சத்தம், 4,500இல் இன்னொன்று, 3,500இல் கத்தல் என்று அவரவர் வைத்துக்கொள்ளலாம். இரைச்சல் குறைந்தால் அந்தப் பீப் தெளிவாகக் கேட்கும். அதற்காகக் கையில் கட்டியிருக்கிற ஆல்டிமீட்டரைப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள், பீப் என்பது துணைக்குத்தான்.

குளிரும் இருக்கிறது. ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 2 டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டால், 13,000 அடியில் தரையைவிட 26 டிகிரி குறைவு. துபாய் வெயிலில் அது சுகம். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் குதித்தால் கன்னம் மரத்துப்போகும். 2004இல் வடதுருவத்தின் மேல் நம் நாட்டு ஸ்கைடைவர் ஷீத்தல் மகாஜன் குதித்தாரே, மைனஸ் 37 டிகிரி குளிர், அதுவும் அவருடைய முதல் குதிப்பு. அந்த மாதிரி இடங்களில் முகத்தை மூடுவது பற்றி இரண்டாவது யோசனையே கிடையாது.

இனி ஃபுல் ஃபேஸில் இருக்கிற தொல்லைகள். முதல் தொல்லை ஆவி படிவது. ட்வின் ஆட்டர் மாதிரி விமானத்தில் இருபது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து, வேர்த்து, மூச்சு விட்டு, மேலே ஏற ஏறக் குளிர்ந்து, வைசரில் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்துவிடும். கதவு திறக்கும்வரை வைசரை மேலே தூக்கியே வையுங்கள், இறக்கிய பிறகு மூச்சைக் கீழ்நோக்கி விடுங்கள். ஆவி படியாத உள்கண்ணாடி வைத்த மாடல் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை. ஆனால் குதிக்கும்போது வைசர் பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பாதி பூட்டிய வைசர் காற்றில் படீரென்று மேலே திறந்துகொண்டால் கண்ணைத் திறக்க முடியாது.

இரண்டாவது தொல்லையைக் கடையில் யாரும் சொல்வதில்லை. காது அடைத்தால் மூக்கைப் பிடித்து ஊதுவோம் இல்லையா, வைசர் மூடியிருந்தால் மூக்கைத் தொட முடியாது. பாராசூட் திறந்து, மேலே பார்த்து எல்லாம் சரி என்று தெரிந்ததும் வைசரைத் தூக்கிவிட்டு அதைச் செய்யுங்கள். சளி பிடித்திருந்தால் எந்த ஹெல்மெட்டாக இருந்தாலும் அன்றைக்குக் குதிக்காதீர்கள்.

மூன்றாவது, பார்வை. இதுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். உங்கள் மார்பில் வலது பக்கம் மெயின் பாராசூட்டைக் கழற்றிவிடுகிற கைப்பிடி, இடது பக்கம் ரிசர்வைத் திறக்கிற கைப்பிடி. மெயின் சிக்கிக்கொண்டு சுற்றும்போது குனிந்து அந்தக் கைப்பிடியைக் கண்ணால் பார்த்து, கையால் பிடித்து, அப்புறம் இழுக்க வேண்டும். ஹெல்மெட்டின் தாடைப் பகுதி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் அது மறைத்துவிடும். அதனால் ஹெல்மெட் பார்க்கப் போகும்போது வெறும் தலையோடு கண்ணாடி முன்னால் நின்று பார்ப்பதில் பயனில்லை. முதுகில் மாட்டுகிற பாராசூட் பையோடு முழு கியரையும் மாட்டி, பட்டைகளை இறுக்கி, குனிந்து இரண்டு கைப்பிடியும் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு நன்றாக அண்ணாந்து பாருங்கள், பின்தலை கியரில் இடித்து நின்றால் மேலே திறந்திருக்கிற பாராசூட்டை முழுசாகப் பார்க்க முடியாது. இந்த இரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும், எவ்வளவு பேர் பெற்ற ஹெல்மெட்டாக இருந்தாலும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இதே காரணத்துக்காகத்தான் பைக் ஹெல்மெட் வேண்டாம் என்று கெஞ்சுகிறேன். ஐஎஸ்ஐ முத்திரை போட்ட நல்ல ஹெல்மெட் வீட்டில் இருக்கிறது, அதையே போடலாமே என்று கேட்கிறார்கள். அது ரோட்டுக்கானது. உள்ளே தடிமனான தெர்மாகோல், கனம் ஒரு கிலோவுக்கு மேல். 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டிருக்கிற உடம்பைப் பாராசூட் சில நொடியில் பிடித்து நிறுத்தும்போது அந்தக் கனம் முழுவதும் கழுத்தில் இறங்கும். வாகமண்ணில் பாராகிளைடிங் செய்கிறவர்கள் போடுகிற ஹெல்மெட்டுக்கு இஎன் 966 என்று ஐரோப்பியத் தரம் இருக்கிறது, அவை இலேசானவை. ஸ்கைடைவிங்குக்கென்றே பிரான்ஸில் எக்ஸ்பி எஸ் 72-600 என்கிற தரம் வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குக்கி நிறுவனத்து ஜி4 அந்தச் சோதனையில் தேறியது. சந்தையில் பல ஹெல்மெட்டுகள் எந்த மோதல் சோதனைக்கும் போனதில்லை, வெறும் மெல்லிய ஓடும் பஞ்சும்தான். ஃபுல் ஃபேஸ் என்பதாலேயே அது உறுதியானது என்று ஆகிவிடாது, கேட்டு வாங்குங்கள்.

மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் ஓப்பன் ஃபேஸ் எடுத்தால், கண்ணாடிக்கு மேலேயே மாட்டுகிற பெரிய காகிள்ஸ் கிடைக்கும். கான்டாக்ட் லென்ஸ்காரர்களுக்கு ஃபுல் ஃபேஸ் நிம்மதி, ஓரத்தில் காற்று புகுந்து லென்ஸைக் கிளப்பாது. பெண்கள், சடையைத் தாழ்வாகப் பின்னி உடைக்குள் விட்டுக்கொண்டு, அந்தச் சடையோடேயே ஹெல்மெட் அளவு பாருங்கள். கொண்டை போட்டு அளவு பார்த்து வாங்கினால் குதிக்கும்போது லொடலொடவென்று ஆடும். பட்டையைப் பூட்டிய பிறகு பின்னாலிருந்து முன்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அளவு பெரியது.

கேமராவைப் பற்றி ஒன்று. ரீல்ஸுக்காக ஹெல்மெட்டில் கேமரா ஒட்டிக்கொண்டு வருகிற தம்பிகளே, யுஎஸ்பிஏ 200 குதிப்புக்கு முன்னால் கேமரா வேண்டாம் என்று பரிந்துரைப்பது சும்மா இல்லை. பாராசூட் கயிறு அந்தத் துருத்தலில் மாட்டிக்கொண்டால் உங்கள் கழுத்தும் பாராசூட்டும் ஒன்றோடொன்று கட்டப்பட்டுவிடும். ஃபுல் ஃபேஸாக இருந்தாலும் ஓப்பன் ஃபேஸாக இருந்தாலும் மேலே எதுவும் துருத்தக் கூடாது.

எந்த ஹெல்மெட் வாங்கினாலும் விமானம் ஓடத் தொடங்கும்போது அது தலையில் பூட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் பெல்ட்டோடு கட்டியிருக்க வேண்டும். மடியில் சும்மா வைத்த ஹெல்மெட், விமானம் அதிர்ந்தால் இன்னொருவர் தலையில் போய் அடிக்கும். அப்புறம், புது ஹெல்மெட்டோடு முதல் தடவை போகும்போது தனியாக, வயிறு கீழே பார்க்க, சாதாரணமாக விழுங்கள். பீப் கேட்கிறதா, கைப்பிடி தெரிகிறதா, வைசர் ஆவி பிடிக்கிறதா என்று அந்த ஒரு குதிப்பில் பார்த்துவிடுங்கள். குழுவோடு போவதை அடுத்த விமானத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.