பறிமுதல் பணம் யார் பைக்குப் போகிறது?

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் டெனஹா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. சுமார் ஆயிரம் பேர்தான் அங்கே குடியிருக்கிறார்கள். ஆனால் ஹூஸ்டனிலிருந்து லூசியானா பக்கம் போகிற நெடுஞ்சாலை அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. 2006-க்கும் 2008-க்கும் இடையில் அந்தச் சாலையில் குறைந்தது 140 முறை போலீசார் வண்டிகளை நிறுத்திப் பணத்தைப் பறிமுதல் செய்தார்கள். மொத்தம் சுமார் 30 லட்சம் டாலர். பணத்தைப் பறிகொடுத்தவர்களில் பெரும்பாலோர் கருப்பினத்தவர்கள், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரான லத்தீனோக்கள்.

ஒருவர் அர்கன்சாவிலிருந்து ஹூஸ்டனுக்குப் பல் வைத்தியத்துக்காகப் போய்க்கொண்டிருந்தார். கருப்பினத்தவர். சாலையில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டை ரொம்ப ஒட்டி ஓட்டினார் என்று நிறுத்தினார்கள். அவரிடம் இருந்த 3,900 டாலர் போயிற்று. இன்னொரு தம்பதி, பழைய கார் ஒன்று வாங்குவதற்காகச் சுமார் 6,000 டாலரோடு, இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தவர்கள். முந்துவதற்கான இடது தடத்தில், யாரையும் முந்தாமல் அரை மைலுக்கு மேல் ஓட்டினார்கள் என்பது காரணம். அவர்கள் முன்னால் ஒரு காகிதத்தை வைத்தார்கள். பணம் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம். மறுத்தால் கருப்புப் பண வழக்கு, பிள்ளைகளும் அரசுக் காப்பகத்துக்கு. எந்தத் தாய் தகப்பன் மறுப்பார்கள்? கையெழுத்துப் போட்டார்கள்.

இதெல்லாம் ஏதோ கெட்ட போலீஸ்காரர்கள் நாலு பேரின் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். சட்டமே இதற்கு வாசல் திறந்து வைத்திருந்தது. அங்கே ஒருவர் மேல் குற்றம் சாட்டாமலே அவருடைய பணத்தின் மேல் வழக்குப் போடலாம். குடிமைப் பறிமுதல் என்று அதைச் சொல்லலாம். ‘அமெரிக்க அரசு எதிர் 1,24,700 டாலர் ரொக்கம்’ என்றே ஒரு வழக்குக்குப் பெயர். குளிர்பதன லாரி வாங்க வைத்திருந்த பணம் என்று உரியவர்கள் சொன்னார்கள். வண்டியில் போதைப்பொருள் எதுவும் கிடைக்கவில்லை. அப்படியிருந்தும் 2006-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்காடலாமே என்று தோன்றும். யார் செலவில்? குற்றவியல் வழக்கில் ஏழைக்கு அரசு வக்கீல் வைத்துத் தரும், பறிமுதல் வழக்கில் பொதுவாக அது கிடையாது. இன்ஸ்டிட்யூட் ஃபார் ஜஸ்டிஸ் என்ற சட்ட அமைப்பு 2020-இல் 21 மாநிலங்களின் கணக்கைப் பார்த்தது. அங்கே நடந்த பறிமுதல்களில் பாதிக்குப் பாதி 1,276 டாலருக்கும் குறைவான தொகைகள். எளிய வழக்கு ஒன்றை நடத்தவே வக்கீலுக்குச் சுமார் 3,000 டாலர் ஆகும் என்றும் அதே அமைப்பு மதிப்பிட்டது. போனது போகட்டும் என்று ஜனங்கள் விட்டுவிடுவதில் என்ன ஆச்சரியம்?

சரி, இதில் நிறம் எங்கே வருகிறது? 1996-இல் ரென் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்று சொன்னது. சின்னதாக ஒரு போக்குவரத்து விதிமீறல் இருந்துவிட்டால் போதும், வண்டியை நிறுத்திய அதிகாரியின் உண்மையான நோக்கம் என்ன என்று நியாயமற்ற சோதனையையும் பறிமுதலையும் தடுக்கும் அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தத்தின் கீழ் கேட்க முடியாது. ஒரு கோட்டைக்கூடத் தொடாமல் நாள் முழுக்க யார் வண்டி ஓட்ட முடியும்? ஆகவே யாரை நிறுத்துவது என்பது அதிகாரியின் கண்ணுக்கு விட்டாயிற்று. ஃபுளோரிடாவின் வொலூஷியா மாவட்டத்தில் நெடுஞ்சாலையில் பணத்தை இழந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கருப்பினத்தவர் அல்லது லத்தீனோ என்று ஆர்லாண்டோ சென்டினல் பத்திரிகை வெளிக்கொண்டு வந்து 1993-இல் புலிட்சர் விருது பெற்றது.

ரொக்கம் வைத்திருப்பதே சந்தேகத்துக்கு இடம் என்கிறார்கள். ரொக்கத்தை நம்பி வாழ்கிறவர்கள் யார்? 2021-இல் அமெரிக்க வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகம் எடுத்த கணக்குப்படி, வெள்ளையர் குடும்பங்களில் 2.1 சதவீதத்துக்குத்தான் வங்கிக் கணக்கு இல்லை. கருப்பினக் குடும்பங்களில் அது 11.3 சதவீதம். வங்கி எட்டாதவரின் சேமிப்பு அவர் சட்டைப் பையில்தான் இருக்கும். அதையே குற்றத்தின் அடையாளமாகப் பார்ப்பது எனக்குக் கொஞ்சமும் பொறுக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பங்குப் பணம். 1984-இல் வந்த கூட்டாட்சிச் சட்டத்தின்படி, உள்ளூர்ப் போலீஸ் பிடித்த பணத்தை மத்திய அரசு வழியாகப் பறிமுதல் செய்தால், 80 சதவீதம் வரை பிடித்தவர்களுக்கே திரும்பி வரும். டெனஹா இருக்கும் மாவட்டத்தில் பறிமுதல் நிதியில் பாப்கார்ன் இயந்திரம்கூட வாங்கினார்கள். பறிப்பவரே அனுபவிக்கலாம் என்று இருக்கும்வரை, நெடுஞ்சாலையில் யார் இளைத்தவர், யார் வழக்காட மாட்டார் என்றுதான் கண் தேடும்.

டெனஹாவில் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் தொடுத்த வழக்கு 2012-இல் சமரசத்தில் முடிந்தது. நிறுத்தும் வண்டிகளைக் காணொளியில் பதிய வேண்டும், சோதனைக்கு மறுக்கலாம் என்று ஓட்டுநரிடம் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அதில் ஒத்துக்கொண்டார்கள். சாலையோரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கத்தை டெக்சஸ் 2011-லேயே தடை செய்திருந்தது. நியூ மெக்சிகோ 2015-இல் குடிமைப் பறிமுதலையே ஒழித்து, பறிமுதல் பணம் பொது நிதிக்கே போகும்படி செய்தது. அதில் கையெழுத்திட்ட ஆளுநர் சுசானா மார்டினெஸ் முன்னாள் அரசு வழக்கறிஞர், குடியரசுக் கட்சிக்காரர் என்பதையும் சொல்ல வேண்டும். நாடு முழுக்கப் பங்குப் பணத்தை நிறுத்தும் ஒரு மசோதாவுக்கு 2023 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் அவையின் நீதிக் குழு ஒருமனதாக ஒப்புதல் கொடுத்தது. அந்த அவையின் காலம் முடிந்தது, மசோதா சட்டமாகவில்லை.