எழுத வைப்பது வேட்கையே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். 'எழுத்தாளரை எழுத வைப்பது வேட்கையா, பழக்கமா?' என்ற தலைப்பில், வேட்கையே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிராலப்பை அழைத்து வந்தார். அஞ்சல் துறையில் வேலை. விடிகாலை ஐந்தரைக்கெல்லாம் மேசையில் உட்கார்ந்துவிடுவார். எதிரே கடிகாரம். கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள். இப்படியே 47 நாவல்கள். "இதில் வேட்கை எங்கே இருக்கிறது?" என்று நண்பர் கேட்டதும் அரங்கம் கைதட்டியது. நானும்தான் தட்டினேன், கணக்கு அப்படி!

ஆனால் நண்பர் பாதிக் கதையோடு உட்கார்ந்துவிட்டார். டிராலப்பின் முதல் நாவல் 1847-இல் வந்தது. காசும் வரவில்லை, பேரும் வரவில்லை. அடுத்ததும் விற்கவில்லை. ஓரளவு கவனம் பெற்ற நாவல் வர 1855 ஆகிவிட்டது. அவருக்கோ மாதம் பிறந்தால் சம்பளம். எழுதாவிட்டால் ஏன் என்று கேட்க ஆளில்லை. இத்தனை வருஷம் அந்த மனிதரை மேசைக்கு இழுத்து வந்தது எது? கடிகாரமா? பழக்கம்தான் என்பீர்கள். சரி, பத்துப் பைசா பிரயோஜனமில்லாத பழக்கத்தை ஒருவர் எதற்காக எட்டு வருஷம் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

வேட்கை என்றதும் எதிரணிக்குத் தாடியும் கலைந்த தலையும் நடுராத்திரிப் புலம்பலும்தான் நினைவுக்கு வருகின்றன. அது சினிமாக்காரர்கள் செய்த வேலை. அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனைப் பாருங்கள். ஏறக்குறைய 1,800 கவிதைகள் எழுதினார். வாழ்நாளில் அச்சேறியவை பத்துச் சொச்சம். அவையும் பெயர் போடாமல் வந்தவை. நூற்றுக்கணக்கான கவிதைகளைப் படியெடுத்து, தாளை மடித்து, தன் கையாலேயே சுமார் 40 சிறு தொகுப்புகளாகத் தைத்து வைத்தார். 1886-இல் அவர் இறந்த பிறகுதான் தங்கை அந்தக் குவியலைக் கண்டெடுத்தார். கெடு வைத்த பதிப்பாளர் இல்லை, காத்திருந்த வாசகர் கூட்டம் இல்லை, வருமானமும் இல்லை. இதற்கும் பழக்கம் என்றுதான் பெயர் வைப்பீர்களா நண்பரே? காலையில் பல் தேய்ப்பது பழக்கம். அதை யாரும் தைத்துப் பெட்டியில் பத்திரப்படுத்துவதில்லை!

இன்னொன்று. பழக்கம் பக்கத்தை நிரப்பிவிடும், ஒப்புக்கொள்கிறேன். நிரம்பிய பக்கத்தைப் பார்த்து "இது போதாது" என்று சொல்வது யார்? பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளோபேர் 'மேடம் பொவாரி' என்ற ஒரே நாவலோடு ஏறக்குறைய ஐந்து வருஷம் மல்லுக்கட்டினார். எழுதிய வாக்கியத்தை உரக்கக் கத்திப் படிப்பார். ஓசை இடறினால் மறுபடி எழுதுவார். ஒரு பக்கத்துக்கே நாள் கணக்கில் ஆகும். அவரும் தினமும் உட்கார்ந்தவர்தான். ஆனால் உட்கார்ந்த நேரத்துக்குக் கணக்குப் பார்த்திருந்தால் பாதி நாளில் முடித்து எழுந்திருக்கலாமே.

பழக்கமே வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவில்லை. அதை வேலைக்கு வைத்த முதலாளி யார் என்றுதான் கேட்கிறோம். அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழர் டிராலப்பின் கடிகாரத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, டிக்கின்சனின் கையில் ஊசியையும் நூலையும் கொடுத்தது யார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகட்டும். நன்றி, வணக்கம்.