மூன்றடி உயரம்

(திருவாரூரில் கட்டடப் பொறியாளர்கள், தொழில் நடத்துவோர் கூட்டத்தில் பேசியது)

நண்பர்களே, வணக்கம்.

டெல்டாவில் பிறந்தவர் யாரும் கட்டடத்தைத் தாழ்வாகக் கட்டமாட்டார். ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் வாசலுக்கு வந்துவிடும். அதனால் அலுவலகத்தையும் மூன்றடி ஏற்றி, ஆறு படி வைக்கிறோம். தண்ணீரைத் தடுத்த அதே படி, என்னோடு கணக்கு வேலை பார்த்த ஒரு தம்பியையும் தடுத்தது. சக்கர நாற்காலியில் வருபவர். தினமும் இரண்டு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கி ஏற்றினார்கள். அன்பாகத்தான் தூக்கினார்கள். ஆனால் அவரோ மாலை வரை தண்ணீர் குடிக்கமாட்டார்; கழிப்பறைக் கதவுக்குள் நாற்காலி நுழையாது. எட்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டார். அன்று நான் வாய் திறக்காதது இன்றும் உறுத்துகிறது.

பிறகு அங்கே சாய்தளம் போட்டார்கள். மூன்றடி உயரத்துக்குப் பத்தடி நீளம்! அடிக்குப் பன்னிரண்டு அடி என்பது அளவு. 36 அடி வேண்டும். நடுவில் நின்று இளைப்பாறச் சமதளம், இருபுறமும் கைப்பிடி வேண்டும். பத்தடிச் சரிவில் தனியாக ஏறுபவர் மல்லாந்து விழுவார்.

அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது என்பீர்கள். கட்டி முடித்தபின் தேடினால் கிடைக்காதுதான். மண் அடிக்கும்போதே யோசியுங்கள். வாயிலிலிருந்து கட்டடம் வரை 60 அடி இருந்தால், அந்த நடைபாதையையே அடிக்கு இருபதடி என்ற கணக்கில் மெல்ல உயர்த்திவிடலாம். படியே வேண்டாம். முதலாளி, கர்ப்பிணி, சரக்கு வண்டி, சக்கர நாற்காலி எல்லாம் ஒரே வழி. பாதைக்கு அடியில் குழாய் பதித்துவிடுங்கள், மழைநீர் தேங்காது. மேலே வழுக்கும் கிரானைட் வேண்டவே வேண்டாம். ஜெனரேட்டர் அறையை ஒட்டிப் பின்பக்கமாக ஒரு தனி வழி விடுவதை நான் ஏற்கமாட்டேன்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்தும். விதிப்படி அமையாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி கூடாது என்கிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து போடுவதுதான் அந்தப் பத்தடிச் சாய்தளம். நம் ஊரில் ஆழித்தேர் வரும்போது மின்கம்பியைக்கூடக் கழற்றி வழிவிட்டிருக்கிறோம். அந்த மனம்தான் வேண்டும்.

கழிப்பறைக் கதவு 900 மில்லிமீட்டர், உள்ளே நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம். தயவுசெய்து அங்கே துடைப்பத்தை அடுக்காதீர்கள்.

மனையில் சுண்ணாம்புக் கோடு போடும் நாளில், நாற்காலியில் வரும் ஒருவரைக் கூப்பிட்டு அந்தக் கோட்டின்மேல் போய்வரச் சொல்லுங்கள். அந்தத் தம்பி இப்போது நன்னிலத்தில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறார். கேட்டேன், வருகிறேன் என்றார். நானே அழைத்து வருகிறேன்.