வட்டமாகக் கூடி நின்றவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் வடகிழக்குப் பகுதியில் கேலடெட் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டாயிரம் மாணவர்கள்கூட இல்லாத சின்னப் பல்கலைக்கழகம். படிப்பவர்களில் பெரும்பாலோர் காது கேளாதவர்கள், அல்லது குறைவாகக் கேட்பவர்கள். வகுப்பறையிலும் சாப்பாட்டுக் கூடத்திலும் விளையாட்டுத் திடலிலும் அங்கே புழங்குவது அமெரிக்கச் சைகை மொழி. இந்தப் பல்கலைக்கழகத்துக்கென்று ஒரு ஃபுட்பால் அணி உண்டு. நாம் காலால் உதைத்து ஆடுகிற பந்தாட்டம் இல்லை இது. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி, மோதி, உருண்டு ஆடுகிற அமெரிக்கன் ஃபுட்பால். 1883-இல் அங்கே தொடங்கிய ஆட்டம். அந்த அணியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நான் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியை. அதனால் இந்த அணியைப் பார்க்கும்போது என் கண் முதலில் போவது, ஆட்டத்துக்கு நடுவே அவர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதில்தான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறிவிட்டால் இன்னும் நான்கு வாய்ப்புகள். ஒவ்வொரு வாய்ப்பும் சில நொடிகளில் முடிந்துவிடும். அப்புறம் எல்லோரும் நின்று, அடுத்து என்ன செய்வதென்று முடிவு செய்வார்கள். யார் எந்தப் பக்கம் ஓடுவது, யார் யாரைத் தடுப்பது, பந்து யார் கைக்குப் போவது, எல்லாமே முன்கூட்டிப் பேசிக்கொள்வதுதான். அந்தப் பேச்சு எதிரணிக்குத் தெரிந்துவிட்டால் அந்த வாய்ப்பு வீண். திட்டத்தைச் சொல்லி ஆட்டத்தை நடத்துபவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர்.

1892 முதல் 1895 வரை கேலடெட் அணிக்குக் குவார்ட்டர்பேக்காக இருந்தவர் பால் ஹப்பர்ட். காது கேட்கும் கல்லூரிகளோடு ஆடும்போது அவருக்கு ஒரு சிரமமும் இல்லை. நட்டநடுத் திடலில் நின்று, எல்லோரும் பார்க்கக் கைகளை அசைத்துத் திட்டத்தைச் சொல்லலாம். எதிரில் நிற்பவனுக்கு அது புரியப் போவதில்லை. அந்தக் காலத்தில் மற்ற அணிகள் வரிசையில் நின்றபடியே எண்களையும் குறிச்சொற்களையும் உரக்கக் கத்தித்தான் திட்டத்தைச் சொல்லிக்கொண்டன. அவர்களைவிட ஹப்பர்ட்டின் அணிக்கு வேலை சுலபமாகவே இருந்தது.

எதிரில் இன்னொரு காது கேளாதோர் அணி வந்து நிற்கும்போதுதான் சிக்கல். அவர்களுக்கும் அதே மொழி. முப்பது அடிக்கு அப்பால் நின்றுகூட ஒவ்வொரு சைகையையும் படித்துவிடுவார்கள். 1894-இல் ஹப்பர்ட் இதற்கு வழி கண்டார். தன் ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு வட்டமாக, நெருக்கமாக நிற்கவைத்தார். எல்லோருடைய முதுகும் வெளிப்பக்கம், முகம் உள்பக்கம். கைகள் நடுவில், நெஞ்சுக்கு நேராகச் சின்னச் சின்னதாக அசைந்தன. வெளியே இருப்பவனுக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள்தான்.

அதுதான் ஹடில். இன்று உலகம் முழுவதும் விளையாட்டுத் திடல்களில் நாம் பார்ப்பது. கிரிக்கெட்டில் இந்திய அணி தோளில் கைபோட்டு வட்டமாகக் கூடி நிற்பதைத் தொலைக்காட்சியில் எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்!

ஹடிலை முதலில் தொடங்கியவர் யார் என்பதில் அமெரிக்காவில் வேறு பெயர்களும் அடிபடுகின்றன. சிகாகோ பல்கலைக்கழகப் பயிற்சியாளர் அமோஸ் அலோன்சோ ஸ்டாக் 1896-இல் செய்தார் என்பார்கள். 1920-களில் இல்லினாய் பல்கலைக்கழகம்தான் அதை நாடெங்கும் பரப்பியது என்பார்கள். பரப்பியவர்கள் பலராக இருக்கலாம். ஆனால் எனக்கு ஹப்பர்ட் கதையில் சந்தேகம் வராததற்கு ஒரு காரணம் உண்டு. திடலில் மறைந்து நின்று பேச வேண்டிய தேவை அந்தக் காலத்தில் வேறு எவரையும்விடச் சைகையில் பேசியவர்களுக்குத்தான் அதிகம். காதால் கேட்கும் பேச்சைக் குரல் தாழ்த்திச் சொல்லலாம், குறிச்சொல்லாக மாற்றலாம். கண்ணால் பார்க்கும் பேச்சை மறைக்க உடம்பாலேயே சுவர் எழுப்ப வேண்டும்.

அந்தச் சமயத்தில் உலகம் சைகை மொழியை எப்படி நடத்திக்கொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1880-இல் இத்தாலியின் மிலான் நகரத்தில், காது கேளாதோர் கல்வி பற்றி ஒரு சர்வதேச மாநாடு நடந்தது. பள்ளிகளில் சைகை கூடாது, வாய்ப்பேச்சுதான் வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். எதிர்த்தவர்கள் ஒரு கைப்பிடி ஆட்கள். அவர்களில் ஒருவர் எட்வர்ட் மைனர் கேலடெட், இன்று கேலடெட் பல்கலைக்கழகமாக இருக்கும் வாஷிங்டன் கல்லூரியின் தலைவர். 1864-இல் ஜனாதிபதி லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்ற கல்லூரி அது. மிலானுக்குப் பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பள்ளிக்குப் பள்ளி சைகையை விரட்டினார்கள். கையை அசைத்த பிள்ளைகளுக்கு அடி விழுந்தது. கைகளைக் கட்டிப்போட்ட வகுப்பறைகளும் உண்டு. இது வெறும் ஜாடை, மொழியே இல்லை என்று படித்தவர்கள் எழுதினார்கள்.

அதே ஆண்டுகளில் வாஷிங்டனில் இருபது வயதுப் பையன்கள் சிலர், தாங்கள் பேசுவதை எதிரணி ஒட்டுக்கேட்டுவிடுமே என்று கவலைப்பட்டு வட்டம் போட்டு நின்றார்கள். வெறும் ஜாடையாக இருந்தால் அதில் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? அமெரிக்கச் சைகை மொழிக்குத் தனி அமைப்பும் இலக்கணமும் உண்டென்று வில்லியம் ஸ்டோக்கோ ஆராய்ச்சி செய்து நிறுவத் தொடங்கியது 1960-இல். அவரும் கேலடெட்டில்தான் பேராசிரியர். ஆய்வறிஞர் ஒருவர் நிறுவத் தொடங்கவே 66 ஆண்டுகள் ஆனதை, ஃபுட்பால் பையன்கள் ஒரு பிற்பகலில் நடத்திக் காட்டிவிட்டார்கள். கல்லூரிக்குக் கேலடெட் என்ற பெயர் வந்ததும் அதே 1894-இல்தான். அமெரிக்காவில் காது கேளாதோர் கல்விக்கு 1817-இல் அடித்தளம் போட்ட தாமஸ் ஹாப்கின்ஸ் கேலடெட்டின் நினைவாக வைத்த பெயர் அது. அவர் எட்வர்டின் தந்தை.

ஹப்பர்ட் படிப்பு முடிந்ததும் கேன்சஸ் மாநிலத்தில் ஓலேத்தா நகரத்தின் காது கேளாதோர் பள்ளிக்கு ஆசிரியராகப் போனார். அங்கேயும் பையன்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுத்தார்.

அணியின் பெயர் பைசன். வடஅமெரிக்கப் புல்வெளிகளின் காட்டெருமை. நிறங்கள் வெளிர்மஞ்சளும் நீலமும். ஆட்டத்தன்று திடலோரத்தில் பெரிய டிரம் ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார்கள். வாத்தியக் குழுவின் அலங்காரமாக வந்த டிரம் இல்லை அது. கேட்கும் அணிகளில் குவார்ட்டர்பேக் எண்ணிக்கை சொல்லிக் கத்துவார். குறித்த எண் வந்ததும் பந்து பின்னால் வரும், எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்வார்கள். கேலடெட்டில் அந்தக் குரலின் இடத்தில் பல காலம் இருந்தது இந்த டிரம். அடி விழும்போது அதிர்வு மண் வழியாகக் காலில் ஏறும், நெஞ்சில் முட்டும். இத்தனையாவது அடிக்குப் பாய்வது என்று ஹடிலிலேயே முடிவு செய்திருப்பார்கள்.

பின்னால் டிரம்மை விட்டுவிட்டுப் பந்தையே பார்த்துப் பாயும் முறைக்கு மாறினார்கள். இதில் ஒரு லாபம். எதிரணிக் குவார்ட்டர்பேக் குரலை ஏற்றி இறக்கி, பாதியில் நிறுத்தி, தடுப்பவர்களை அவசரப்பட்டுப் பாயவைக்கப் பார்ப்பது இந்த ஆட்டத்தின் பழைய தந்திரம். காதால் ஆடுபவர்கள் அதில் மாட்டுவார்கள். பந்து அசைந்தால்தான் அசைவேன் என்று கண்ணால் ஆடுபவனிடம் அந்தத் தந்திரம் எடுபடாது.

டிரம் மட்டும் திடலை விட்டுப் போகவில்லை. அணிக்கென்று ஒரு பாட்டு இருக்கிறது. ஒன்று-இரண்டு, ஒன்று-இரண்டு-மூன்று என்று டிரம் தாளம் போடும். கூட்டம் அந்தத் தாளத்துக்குக் கைகளால் பாடும். பழைய மாணவர்கள், பேராசிரியர்கள், பேரப்பிள்ளைகளோடு வந்த தாத்தாக்கள், எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியதும் நூற்றுக்கணக்கான கைகள் விரல் விரிந்து உயரத் தூக்கி ஆடும். அவர்களுடைய கைதட்டல் அது. இதை உங்களிடம் வானொலியில் சொல்கிறேனே தவிர, கண்ணால் பார்க்க வேண்டிய காட்சி. ஒளிப்படமாகவோ காணொளியாகவோ கிடைத்தால் பாருங்கள்.

ஒரு ஆசிரியையாக என் மனம் தங்கிவிட்ட இடத்துக்கு இப்போது வருகிறேன்.

காது கேளாத பையன் ஒருவன் கேட்கும் பிள்ளைகளின் பள்ளியில் ஃபுட்பால் ஆடுகிறான் என்று வையுங்கள். அமெரிக்காவில் அப்படிப் பலர் உண்டு. அவனுக்கு ஆட்டத்திலேயே கஷ்டமான இடம் எது தெரியுமா? ஹடில்தான். குனிந்த தலைகள், ஹெல்மெட்டின் முன்கம்பிகள், வேகமாகப் பேசும் வாய். உதட்டைப் படிக்கவும் வழியில்லை. காது கேளாதவர்கள் தங்கள் பேச்சுக்காகக் கட்டிய வட்டத்துக்குள் போய் நின்று, என்ன பேசினார்கள் என்று தெரியாமலே திரும்பி வருகிறான்.

டெரிக் கோல்மனின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். மூன்று வயதில் கேட்கும் திறனை இழந்தவர். சியாட்டில் சீஹாக்ஸ் என்ற தொழில்முறை அணியில் ஆடி, 2014 பிப்ரவரியில் தொழில்முறை ஃபுட்பாலின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்ற அணியில் இருந்தவர். அவர் ஹடிலில் உதட்டைப் படித்துத்தான் ஆடினார். அதற்காக அந்த அணியின் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் முகத்தை அவர் பக்கம் திருப்பிச் சொல்வார். நல்ல சக ஆட்டக்காரர். ஆனாலும் ஒருவர் முகம் திருப்புவதை நம்பித்தானே ஆட வேண்டியிருந்தது!

கேலடெட்டுக்கு வரும் ஆட்டக்காரர்களில் சிலர் அப்படிப்பட்ட பள்ளிகளிலிருந்து, சைகையே தெரியாமல் வருகிறார்கள். வந்த இடத்தில் மொழியையும் ஆட்டத்தின் திட்டங்களையும் ஒன்றாகக் கற்கிறார்கள். சில மாதங்களில் வட்டத்துக்குள் நடப்பது மொத்தமும் அவர்களுக்குப் புரிகிறது. எந்தக் கோப்பையைவிடவும் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கோப்பைகளும் லேசில் வந்துவிடவில்லை. 1990-களில் பல்கலைக்கழக அணிகளின் வரிசையிலிருந்தே இறங்கி, வெறும் மன்ற அளவில் ஆட வேண்டிய நிலை வந்தது. 2007-இல்தான் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் மூன்றாம் பிரிவுக்குத் திரும்பினார்கள். விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுக்காத பிரிவு அது. ஆடுபவர்கள் ஆட்டத்துக்காகவே ஆடுகிறார்கள். பயிற்சியாளர் சக் கோல்ட்ஸ்டீனின் கீழ் 2013-இல் தங்கள் குழுவில் முதலிடம் பிடித்து, தேசிய வெளியேற்றச் சுற்றுக்கு முதல்முறையாகப் போனார்கள். ஹோபார்ட் கல்லூரியிடம் தோற்றார்கள். 2022-இல் மறுபடி போனார்கள். அப்போதும் முதல் சுற்றிலேயே தோல்வி.

அப்போதெல்லாம் பத்திரிகைகள் வழக்கமான தலைப்பைப் போட்டன: குறையை வென்றவர்கள். எனக்கு இந்தத் தலைப்பைக் கண்டால் கோபம் வருகிறது. அவர்கள் வென்றது எதிரணியை.

சரி, ஹெல்மெட்டுக்கு வருவோம். அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பாலில் 1994 முதல் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் வானொலிக் கருவி வைக்க அனுமதித்தார்கள். பயிற்சியாளர் ஓரத்திலிருந்து பேசுவார், திடலில் இருப்பவர் காதில் கேட்கும். ஹப்பர்ட்டின் வட்டத்துக்குச் சரியாக நூறு வருஷம் கழித்து வந்த வசதி. கேலடெட்டுக்கு அதனால் பயனில்லை. 2023-இல் ஏ.டி.அண்ட்.டி. என்ற தொலைபேசி நிறுவனத்தோடு சேர்ந்து அவர்களுக்கென்று வேறொரு ஹெல்மெட் செய்தார்கள். பயிற்சியாளர் கையிலுள்ள டேப்லெட்டில் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், குவார்ட்டர்பேக்கின் கண்ணுக்கு முன்னால் சிறு திரையில் அது தெரியும். ஒரே ஒரு ஆட்டத்துக்குச் சோதனையாக அனுமதி கிடைத்தது. அக்டோபர் 7, ஹில்பர்ட் கல்லூரிக்கு எதிராக. அந்தப் பருவத்தில் அதுவரை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காதிருந்த கேலடெட், 34-20 என்று வென்றது.

அதே அக்டோபரில் கேட்கும் அணிகளின் உலகத்தில் பெரிய சர்ச்சை வெடித்தது. லட்சம் பேர் அலறும் அரங்கங்களில் குரல் எடுபடாததால், பெரிய பல்கலைக்கழகங்களின் பயிற்சியாளர்கள் ஓரத்தில் நின்று கையசைவாலும் படப்பலகையாலும்தான் திட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எதிரணிகளின் அந்தச் சைகைகளை முறைகேடாகப் பதிவுசெய்து படித்ததாக மிச்சிகன் பல்கலைக்கழக அணி மீது விசாரணை வந்தது. 1894-இல் ஹப்பர்ட் பயந்தது இதற்குத்தான். அடுத்த ஆண்டே முதல் பிரிவின் உயர்நிலை அணிகளுக்கு ஹெல்மெட் வானொலியை அனுமதித்துவிட்டார்கள்.

இன்று கேலடெட் அணியைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஹெல்மெட்டைப் பற்றியே அதிகம் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அணிக்கு ஆட்கள் எங்கிருந்து வருவார்கள் என்பது. அமெரிக்காவில் பல ஊர்களில் காது கேளாதோர் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பதினொரு பேர் சேராமல் எட்டுப் பேர் ஆட்டம் ஆடும் பள்ளிகள் உண்டு. கலிஃபோர்னியாவில் ரிவர்சைடு நகரத்துக் காது கேளாதோர் பள்ளி அந்த எட்டுப் பேர் ஆட்டத்தில்தான் 2021-இல் இறுதி ஆட்டம் வரை தோல்வியே இல்லாமல் வந்து, அதில் தோற்றது. 2022-இல் பட்டம் வென்றது. 2023-இலும் வென்றது. எதிரணிகளில் பெரும்பாலானவை கேட்கும் பிள்ளைகளின் பள்ளிகள். அந்தப் பையன்கள் சின்ன வயதிலிருந்தே சைகையில் ஹடில் போட்டு வளர்ந்தவர்கள். கேலடெட்டின் பயிற்சியாளர்கள் ஆள் தேடிப் போவதும் இப்படிப்பட்ட பள்ளிகளுக்குத்தான்.

நன்றி. வணக்கம்.