தெம்பனிஸ் அணி ஜூரோங்கில் ஆடிய காலம்: சிங்கப்பூர்க் காற்பந்து அரங்குகள்

வணக்கம். இன்று சிங்கப்பூரின் காற்பந்து அரங்குகளைப் பற்றிப் பேசுகிறேன். முதலில் ஒரு கேள்வி. தெம்பனிஸ் ரோவர்ஸ் என்று ஓர் அணி இருக்கிறது. பெயரிலேயே ஊர் இருக்கிறது. தெம்பனிஸ், தீவின் கிழக்குப் பக்கம். அந்த அணி 2015, 2016 ஆண்டுகளில் தன் சொந்த மைதான ஆட்டங்களை எங்கே ஆடியது தெரியுமா? ஜூரோங் வெஸ்ட்டில், தீவின் மேற்குப் பக்கத்தில்.

அதற்கு முன்பு கிளமெண்டியில் ஆடினார்கள். அதுவும் மேற்குதான். தெம்பனிஸில் இருந்த பழைய அரங்கு மூடப்பட்டுவிட்டது. அந்த இடத்தில் புதிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. 2012, 2013 லீக் பட்டங்கள் இரண்டையும் அந்த அணி வென்றது இந்த வனவாச காலத்தில்தான்! கோப்பையை வெல்கிறது, ஆனால் சொந்த வட்டாரத்து மக்கள் முன்னால் ஆட முடியவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

"சின்ன நாடுதானே, ரயிலில் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடலாமே" என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கிழக்கு மேற்குப் பாதையில் தெம்பனிஸிலிருந்து பூன் லே வரை உட்கார்ந்து பாருங்கள், ஏறக்குறைய ஒரு மணி நேரம். வேலை முடிந்து களைத்து வந்தவர், மறுநாள் பள்ளிக்கூடம் உள்ள பிள்ளையை அழைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போவாரா? அரங்கு வீட்டுப் பக்கத்தில் இருந்தால் கதையே வேறு. சாப்பிட்டுவிட்டு, மின்தூக்கியில் இறங்கி, நடந்தே வந்துவிடலாம். வட்டாரக் காற்பந்து அப்படி நடந்து வருகிறவர்களால்தான் பிழைக்கிறது.

1996இல் எஸ்.லீக், அதாவது சிங்கப்பூரின் தொழில்முறைக் காற்பந்து லீக், தொடங்கியபோது எண்ணமே அதுதான். அதற்கு முன்பு நாடே பெரும்பாலும் பார்த்தது ஒரே அணியைத்தான், மலேசிய மாநில அணிகளோடு மலேசியக் கிண்ணத்தில் ஆடிய சிங்கப்பூர் அணி. 1994இல் ஷா ஆலமில் பகாங்கை 4-0 என்று வீழ்த்திக் கிண்ணத்தை வென்ற கையோடு அந்தப் போட்டியை விட்டு வெளியே வந்தோம். பிறகு லீக்குக்கு வட்டாரங்களின் பெயரில் மன்றங்கள் வந்தன: உட்லண்ட்ஸ், தெம்பனிஸ், கேலாங், தஞ்சோங் பகார் என்று.

அந்த வட்டார அரங்குகளைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும் கூரை போட்ட பார்வையாளர் மேடை. ஆடுகளத்தைச் சுற்றி ஓடுபாதை. காலையில் அந்தப் பாதையில் முதியவர்கள் நடப்பார்கள். இரவில் விளக்குப் போட்டு அதே இடத்தில் லீக் ஆட்டம் நடக்கும். எதிரே வீவக (அரசு வீடமைப்புக் கழக) அடுக்குமாடிகள், தாழ்வாரங்களில் காயும் துணிகள். மின்னல் எச்சரிக்கை வந்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிடுவார். ஆட்டக்காரர்கள் உள்ளே போய்விடுவார்கள். மழை ஓடுபாதையில் தெறிக்கும். ரசிகர்கள் எழுந்து போகாமல் கூரைக்குக் கீழே காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். முன்பின் தெரியாதவர் பேச்சுக் கொடுப்பது அப்போதுதான்.

சரி, இப்போது ஜாலான் புசார். லிட்டில் இந்தியாவிலிருந்து நடக்கும் தூரம்தான். 1929 டிசம்பரில் திறக்கப்பட்டது. காலாங்கில் தேசிய அரங்கு வருவதற்கு முன்பு சிங்கப்பூர்க் காற்பந்தின் தலைவாசல் இதுதான். இந்த மண்ணில் ஆட்டம் மட்டும் நடக்கவில்லை. 1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படை சீன ஆண்களைப் பிடித்து நிறுத்தி விசாரித்த இடங்களில் இதுவும் ஒன்று; 'சூக் சிங்' என்று சொல்லப்படும் படுகொலை அது. இங்கிருந்து திரும்பி வராதவர்கள் இருக்கிறார்கள். அரங்குக்குள் நுழையும்போது அதைத் தெரிந்துகொண்டு நுழையுங்கள்.

பழைய அரங்கை இடித்துப் புதிதாகக் கட்டி 2003இல் திறந்தார்கள். செயற்கைப் புல், ஏறக்குறைய 6,000 இருக்கைகள். 2012இல் ஆசியான் கிண்ண இறுதி இரண்டு ஆட்டங்களாக நடந்தது, முதல் ஆட்டம் இங்கேதான். காலாங்கில் பழைய அரங்கை இடித்திருந்தார்கள், புதியது இன்னும் வரவில்லை, வேறு வழியில்லை. தாய்லாந்தை 3-1 என்று வென்றோம், இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் கிண்ணமும் நமக்கே. இறுதியாட்டத்துக்கு 6,000 இருக்கைகள் போதாது என்று அப்போது குறைப்பட்டவர்கள் உண்டு. கூட்டம் நெருக்கி உட்கார்ந்தால் சின்ன அரங்கின் சத்தம் களத்துக்குள்ளேயே இறங்கும் என்பது என் கட்சி.

காலாங்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பழைய தேசிய அரங்கு 1973 ஜூலையில் திறக்கப்பட்டது. டோட்டோ லாட்டரிச் சீட்டு வாங்கிய மக்களின் பணமும் அதற்குள் இருக்கிறது. குவா கிம் சோங், சமது அல்லாபிச்சை, வாழைப்பழம் போல வளைந்து போகும் உதைக்குப் பேர்போன எஸ். ராஜகோபால் ஆகியோர் ஆடிய எழுபதுகளில்தான் ரசிகர்களின் ஆரவாரத்துக்குக் 'காலாங் முழக்கம்' என்ற பெயர் பிறந்தது. 2007இல் மூடினார்கள், பிறகு இடித்தார்கள். அந்த மரப் பலகை இருக்கைகளில் சிலவற்றை எடுத்துப் பெஞ்சுகளாக மாற்றிப் பாதுகாத்தது நல்ல காரியம்.

புதிய அரங்கு 2014இல் வந்தது. திறந்து மூடும் கூரை, 310 மீட்டர் அகலக் குவிமாடம், இருக்கைக்கு அடியிலிருந்து குளிர்காற்று. பொறியியலாக அதிசயம்தான், மறுக்கவில்லை. ஆனால் முதல் ஆண்டிலேயே புல் சரியாக வேர் பிடிக்கவில்லை. பிரேசிலும் ஜப்பானும் ஆடிய ஆட்டத்தில் களத்தில் மணல் திட்டுகள் தெரிந்தன. புல்லுக்கு வேண்டியது வெயில்; அத்தனை பெரிய கூரைக்கு அடியில் அது கிடைப்பது பாடு. அடுத்த ஆண்டு வேறு வகைப் புல்லுக்கு மாறினார்கள். இசை நிகழ்ச்சிகளுக்கு அந்த அரங்கு நிரம்புகிறது. நம் லீக் மன்றம் ஒன்றை அங்கே விட்டால் 55,000 இருக்கைகளில் தொலைந்துபோகும்.

அதனால் எனக்குப் பிடித்த புதிய அரங்கு தெம்பனிஸ் மையத்தில் இருப்பதுதான். 2017இல் ரோவர்ஸ் வீடு திரும்பியது. ஒரே வளாகத்தில் நூலகம், நீச்சல் குளம், உணவங்காடி, நடுவில் ஆடுகளம், சுமார் 5,000 இருக்கைகள். நூலகத்துக்கு வந்த பிள்ளை மேல்தளத்திலிருந்து எட்டிப் பார்த்தால் பயிற்சி தெரியும். அந்தப் பிள்ளையை யாரும் அழைக்க வேண்டியதில்லை, தானே இறங்கி வரும்.

இடம்பெயர்ந்த மன்றங்களின் நிலைமை வேறு. ஹவ்காங் யுனைடெட் ஹவ்காங்கை விட்டு ஜாலான் புசாரில் ஆடுகிறது என்றால் பாட்டுப் பாடி உற்சாகப்படுத்தும் அதன் ரசிகர் கூட்டம் எவ்வளவு விசுவாசமானது என்று யோசித்துப் பாருங்கள், பின்னாலேயே போகிறார்கள்.

பீஷானையும் சொல்லிவிடுகிறேன். 2025 மே மாதம் நம் லயன் சிட்டி செய்லர்ஸ் மன்றம் 'ஆசிய வெற்றியாளர் லீக் 2' போட்டியின் இறுதியாட்டத்தில் ஐக்கிய அரபு சிற்றரசுகளின் ஷார்ஜா அணியுடன் மோதியது அங்கேதான். தற்காலிக மேடைகளைச் சேர்த்து இடத்தைப் பெருக்கினார்கள். 1-2 என்று தோற்றோம். தோல்வி கசந்தது. ஆனால் ஒரு வட்டார அரங்கு ஆசிய இறுதியாட்டத்தைத் தாங்கியது, அடுக்குமாடிகளுக்கு நடுவே!

முன்பு சொன்ன உட்லண்ட்ஸ் மன்றம், உட்லண்ட்ஸ் வெலிங்டன், 2014க்குப் பிறகு லீக்கில் இல்லை. உட்லண்ட்ஸ் அரங்கில் அவர்கள் ஆடியதைப் பார்த்தவர்கள் இருந்தால் எந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள், யாரோடு போனீர்கள் என்று கீழே எழுதுங்கள். புகைப்படம் இருந்தால் இன்னும் நல்லது. அடுத்த காணொளி முழுக்க அந்த அரங்கைப் பற்றித்தான், உங்கள் நினைவுகளை அதில் வாசிக்கிறேன்.