உஷார் என்றால் பயமா, புத்தியா?

வணக்கம் நண்பர்களே. இன்று கோபமும் சந்தோஷமும் சேர்ந்தே வந்திருக்கின்றன. சந்தோஷத்தை முதலில் சொல்கிறேன். இதோ பாருங்கள், பழைய தமிழ் அகராதி. கடைக்காரர் சொன்ன விலை 800 ரூபாய். பேரம் பேசாமல் நான் எதையும் வாங்குவதில்லை என்று உங்களுக்குத் தெரியும். அட்டை கிழிந்திருப்பதைக் காட்டினேன், 700 ஆனது. ஓரத்தில் பூச்சி அரித்திருப்பதைக் காட்டினேன், 600. பிறகு 'ஞ' வரிசையில் ஒரு தாள் இல்லை என்று கண்டுபிடித்தேன். "ஞ வரிசையில் சொல்லே கொஞ்சம்தானே, அதற்காகவா குறைப்பது?" என்றார். "அந்தக் கொஞ்சத்திலும் ஒரு தாள் போனால் மிச்சம் என்ன?" என்றேன். 450-க்குக் கொடுத்துவிட்டார்! கடை எங்கே என்று சொல்லவில்லையே: திருவல்லிக்கேணி, பாரதி சாலை நடைபாதை.

பணத்தை வாங்கிக்கொண்டு அவர் சொன்னார்: "உஷாரான ஆள் சார் நீங்கள்." வீட்டுக்கு வந்ததும் அந்தச் சொல்லைத்தான் முதலில் புரட்டினேன். 'உஷார்: எச்சரிக்கை' என்று போட்டிருக்கிறது. அவ்வளவுதான்! எனக்கு வந்த கோபம் இதனால்தான். அந்த மனிதர் என்னை எச்சரிக்கையான ஆள் என்றா சொன்னார்? ஏமாறாத ஆள், கணக்குத் தெரிந்த ஆள் என்றல்லவா சொன்னார்! எச்சரிக்கை என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. அதில் ஒரு மிரட்டல் இருக்கிறது, மின்கம்பத்தில் மண்டை ஓடு வரைந்து மாட்டும் பலகைக்குத்தான் அது பொருந்தும்.

உஷார் பாரசீகத்திலிருந்து வந்த சொல். அங்கே 'ஹோஷியார்'. 'ஹோஷ்' என்றால் அறிவு, சுயநினைவு. இந்தியில் மயங்கி விழுந்தவரை 'பேஹோஷ்' என்கிறார்களே, அதே ஹோஷ்தான். அதை உடையவர் ஹோஷியார். பயம் அதில் எங்கே இருக்கிறது? முழுக்க முழுக்கப் புத்தி! ஆற்காட்டு நவாபுகள் காலத்தில் இங்கே நிர்வாக மொழி பாரசீகம். தாசில்தார், ஜமாபந்தி எல்லாம் அந்த வழியில் ஊருக்குள் வந்த சொற்கள். ஹைதர் ஐதர் ஆனதைப் போல, இதிலும் முன்னால் இருந்த 'ஹ' நம் வாயில் உதிர்ந்துவிட்டது. 'ஜாக்கிரதை' என்று மிரட்டும்போது சொல்கிற கபர்தாரை விட்டுவிட்டேன், பாருங்கள். அதுவும் இந்தக் கூட்டம்தான். 'கபர்' என்றால் செய்தி, 'தார்' என்றால் வைத்திருப்பவர். சேதி தெரிந்தவர் என்ற அருமையான சொல்லை, நாடகத்து வில்லன் விரலை ஆட்டிக்கொண்டு கத்துகிற சொல்லாக்கிவிட்டோம்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் இந்த உஷாரை என்ன செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள், எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பகுதி. மராத்தியில் 'ஹுஷார்' என்றால் கெட்டிக்காரர், நன்றாகப் படிக்கிற பிள்ளையை அப்படித்தான் சொல்கிறார்கள். தெலுங்கில் 'ஹுஷாரு' என்றால் உற்சாகம். மலையாளத்திலும் 'உஷார்' என்றால் சுறுசுறுப்பு, ஜோர். கன்னடத்தில்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம்: 'ஹுஷாரு' என்றால் கவனமும் உண்டு, உடல்நலமும் உண்டு. 'ஹுஷாரில்லா' என்று ஒருவர் சொன்னால் அவருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்!

தமிழில் 'போலீசார் உஷார்', 'உஷார் நிலை' என்று செய்தித்தாள்கள் திரும்பத் திரும்ப எழுதி, சொல்லுக்குக் காக்கிச் சட்டை மாட்டிவிட்டன. ஆனால் கடைத்தெருவில் அதன் பழைய பொருள் சாகவில்லை. 'உஷாரான வியாபாரி' என்றால் இன்றைக்கும் முன்யோசனை உள்ளவர், கடன் கொடுக்கும் முன் ஆளை எடைபோடுகிறவர் என்றுதான் பொருள். அகராதி எழுதுகிறவர்கள் தயவுசெய்து இந்தப் பொருளையும் சேருங்கள். கவனம் என்பதற்குத் தென் மாவட்டத்தில் சொல்கிற 'சூதானம்' பற்றியும் பேச ஆசைதான், அதற்குத் தனி வீடியோ வேண்டும்.

கர்நாடக எல்லையை ஒட்டி ஓசூர், தாளவாடிப் பக்கம் இருப்பவர்கள் ஒன்று சொல்லுங்கள்: உங்கள் ஊர்த் தமிழில் காய்ச்சல்காரரை 'உஷார் இல்லை' என்று சொல்வது உண்டா?