சிவிதா: களிமண் காலை வாரும் ஊர்

அவையோருக்கு வணக்கம்.

ரோம் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டரில், லாட்சியோ மாநிலத்தின் வித்தெர்போ மாவட்டத்தில், சிவிதா தி பான்யோரேஜோ என்றோர் ஊர் உண்டு. ஆண்டு முழுக்க அங்கே குடியிருப்போர் ஒரு டஜன் பேர் தேறினால் அதிகம்; பார்க்க வருவோரோ பல லட்சம். ஊரின் அழகைப் படத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். நான் பாறையிலிருந்து தொடங்குகிறேன்.

ஊர் நிற்பது எரிமலைச் சாம்பல் இறுகி உருவான டஃப் பாறையின் மேல். அதற்கு அடியில் பழங்கடல் விட்டுச்சென்ற களிமண். இருபுறமும் ஓடும் ரியோ கியாரோ, ரியோ தொர்பிதோ என்ற ஓடைகள் களிமண்ணை அரிக்கின்றன. மழையில் ஊறிய சரிவு வழுக்கி இறங்குகிறது. தாங்க ஆளில்லாத பாறை விளிம்பில் செங்குத்தாக வெடிப்பு விழும். வெடிப்பில் தண்ணீர் இறங்க இறங்க, ஒருநாள் பாளம் மொத்தமாகப் பெயர்ந்து போகும். பாறைக்குள் இரும்புக் கம்பிகளைச் செலுத்தி இறுக்கியிருக்கிறார்கள். அது மேலே உள்ள விளிம்பைப் பிடித்துவைக்கும். கீழே நடக்கும் அரிப்பை எப்படித் தடுக்கும்?

1695 நிலநடுக்கத்துக்குப் பிறகு மக்கள் பக்கத்து பான்யோரேஜோவுக்குப் பெயர்ந்தார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் புனித பொனவெந்தூரா பிறந்த வீடு பள்ளத்தாக்கில் சரிந்துவிட்டது. ஊரின் நுழைவாசலைத் தாண்டியதும் ஒரு மாளிகையின் முகப்பைப் பாருங்கள்: சுவர் இருக்கிறது, சன்னல்கள் இருக்கின்றன, சன்னலுக்குப் பின்னால் வானம்தான் இருக்கிறது. அறைகள் எல்லாம் போய்விட்டன. என்னைக் கேட்டால், ஊரிலேயே இதைவிடப் பெரிய பாடம் இல்லை.

அந்த வாசலின் பெயர் சாந்தா மரியா. பாறையைக் குடைந்த அந்தப் பாதையை, ரோமர்களுக்கு முன்பே இத்தாலியில் வாழ்ந்த எத்ருஸ்கர்கள் என்ற மக்கள் சுமார் 2500 ஆண்டுகளுக்கு முன் வெட்டினார்கள். மேலே மனிதத் தலைகளைக் கவ்விய கல் சிங்கங்கள். கொடுமைக்கார ஆட்சிக் குடும்பத்தை ஊரார் விரட்டியதன் நினைவு என்பார்கள். சதுக்கத்தில் சான் தொனாத்தோ ஆலயம், உள்ளே 15ஆம் நூற்றாண்டு மரச் சிலுவை. சதுக்கத்துக்குக் கல் பாவவில்லை, வெறும் மண்தரை. ஜூன் முதல் ஞாயிறும் செப்டம்பர் இரண்டாம் ஞாயிறும் அங்கேதான் கழுதைப் பந்தயம். அலெமான்னி மாளிகையில் நிலச்சரிவு அருங்காட்சியகம் இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டுத் தெருவுக்கு வாருங்கள். சுவரில் உள்ள ஒவ்வொரு விரிசலும் கண்ணில் படும்.

இனி போகும் வழி. ஓர்வியேட்டோ வரை ரயில், அங்கிருந்து பான்யோரேஜோவுக்குப் பேருந்து. ஞாயிறு, விடுமுறை நாள்களில் பேருந்தை நம்பிப் புறப்படாதீர்கள். இறங்கிய இடத்திலிருந்து பாலம் வரை நடக்க வேண்டும். 1965-இல் கட்டிய கான்கிரீட் பாலம், நீளம் சுமார் 300 மீட்டர், காருக்கு வழியில்லை. கடைசிப் பகுதி நன்றாகவே ஏறும். சக்கரப் பெட்டியை இழுத்துப் போனவர்கள் அங்கேதான் மூச்சு வாங்கி நிற்பார்கள். பெட்டியை ஓர்வியேட்டோவிலேயே விடுங்கள். நுழைவுக் கட்டணம் 2013-இல் 1.50 யூரோவாகத் தொடங்கி, பிறகு 5 யூரோ வரை உயர்ந்தது. நண்பகலில் சந்துகளில் கூட்டம் நெரியும். காலையில் முதல் பேருந்தைப் பிடியுங்கள். திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தை ஏறும்போதே ஓட்டுநரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.